நின்ற இடத்தில் நடுங்கும் வண்டி



மலைநாட்டில் பழைய மோட்டார் வண்டி இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஹற்றன் பஸ் நிலையத்தின் ஓரத்திலும், தலவாக்கலைக் கடைவீதியிலும், நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றும் இடங்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் சில 1971 ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர் வகையைச் சேர்ந்தவை. பல, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யப்பானிலிருந்து வந்த கார்களும் வேன்களும் ஆகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்குரிய வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியைப் பேணிக்காப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. கைமாறிய வண்டிகளின் விலையோ மலைபோல் உயர்ந்தது.

தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் ஒருவர், தமது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை மகனிடம் கொடுத்து, ஒரு பழைய வேனை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள் என்று சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வண்டி லயத்து வாசலில் வந்து நின்றதும் நடுங்கத் தொடங்கினால் அந்தக் குடும்பத்தின் நெஞ்சும் நடுங்குகிறது. பிளக்கை மாற்றுங்கள் என்கிறார் ஒருவர். காபரேட்டரை மாற்றுங்கள் என்கிறார் மற்றொருவர். எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார் மூன்றாமவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செலவு. செலவு முடிந்த பின்னரும் நடுக்கம் நின்றபாடில்லை. இந்நிலை ஏன் உண்டாகின்றது, நோயை அறிந்து மருந்து செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வண்டி நின்றுகொண்டிருக்க, சாரதி அக்சிலேட்டரில் கால் வைக்காமலிருக்க, எஞ்சின் தானாகவே மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதைக் கராஜ்காரர் ஐட்லிங் என்பர். நல்ல நிலையிலுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுழலும். 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் கலவை தீப்பற்ற வேண்டும். ஆகவே ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 400 வெடிப்பு, நான்குக்கும் சேர்த்து 1600 வெடிப்பு நிகழ வேண்டும். அவற்றுள் சில தவறினாலும் எஞ்சின் தடுமாறுகின்றது. அந்தத் தடுமாற்றமே நாம் இருக்கையிலும் கதவிலும் உணரும் நடுக்கம்.

ஓடும்போது தெரியாத நோய் நிற்கும்போது மட்டும் ஏன் தெரிகின்றது என்று நேயர்கள் கேட்கலாம். வேகமாகச் சுழலும்போது சுழற்சியின் உந்தல், தவறிய வெடிப்பை மறைத்துவிடுகின்றது. அன்றியும், ஐட்லிங்கில் எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெற்றோலும் மிகச் சொற்பம். ஒரு குடம் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு விழுந்தால் நாக்கு அறியாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் விழுந்தால் வாயில் வைக்க முடியாது. அதுபோல, சிறு காற்றுக்கசிவும் சிறு அழுக்கும் ஐட்லிங்கிலேதான் பெரிதாகத் தோன்றும். பரிகாரியார் நாடி பார்க்கும்போது நோயாளியைச் சும்மா இருக்கச் சொல்வது போல, எஞ்சினின் நாடியையும் அது சும்மா ஓடும்போதே பார்க்க வேண்டும்.

இனி, நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எஞ்சின் பெற்றோலை மட்டும் உண்பதில்லை, காற்றையும் உண்கின்றது. ஓர் இறாத்தல் பெற்றோல் செம்மையாக எரிய ஏறக்குறைய 15 இறாத்தல் காற்று வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே வளிமண்டல அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஹற்றன் ஏறக்குறைய 1270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே குறைவு சற்றுச் சிறியது. அமுக்கம் குறையக் குறையக் காற்று ஐதாகின்றது. நுவரெலியாவில் ஒரு வாளி நிறையக் காற்றை அள்ளினால், அதில் உள்ள ஒட்சிசன் கொழும்பு வாளியில் உள்ளதைவிடக் குறைவு.

பழைய வண்டியின் காபரேட்டருக்கு இது தெரியாது. தன்னூடாகக் காற்று பாயும் வேகத்துக்கேற்ப அது பெற்றோலை ஊட்டுகின்றது. காற்றின் கனத்தை நிறுத்துப் பார்க்கும் அறிவு அதற்கில்லை. கொழும்பிலே செம்மையாகத் திருத்தப்பட்ட காபரேட்டர் நுவரெலியாவை அடைந்ததும், இருக்கின்ற காற்றுக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிகமாகப் பெற்றோலை ஊட்டுகின்றது. கலவை மிகுதியாகின்றது, பிளக்கில் கரி படிகின்றது, ஐட்லிங் தளர்கின்றது. வண்டியில் எந்த உறுப்பும் பழுதாகவில்லை. ஆயினும் வண்டி நடுங்குகின்றது.

ஆகவே மலைநாட்டில் வண்டியைச் சோதிப்பவர் முதலில் மலைக்குரிய பங்கைக் கழித்துவிட வேண்டும். கழித்தபின் எஞ்சுவதே வண்டியின் நோய். இதை மறந்தால் நேரும் தவறுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வேன்.

எஞ்சின் எவ்வளவு வலிமையாகக் காற்றை இழுக்கின்றது என்று காட்டும் வெற்றிடமானி ஒன்றுண்டு. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 18 முதல் 21 அங்குலம் வரை காட்டும் என்று கைநூல்கள் கூறும். ஆனால் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே உள்ளது. ஆகவே அங்கே 12 முதல் 15 அங்குலம் காட்டினால் அது நலமான எஞ்சின். கைநூலை மட்டும் நம்புபவர், எங்கோ பெரிய காற்றுக்கசிவு இருக்கின்றது என்று எண்ணி மனிபோல்ட்டைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

அவ்வாறே சிலிண்டரின் அமுக்கச் சோதனையும். கொழும்பில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் காட்டும் சிலிண்டர், எந்தத் தேய்வும் இல்லாமலே நுவரெலியாவில் ஏறக்குறைய 120 இறாத்தல் காட்டும். இதைக் கண்டு ரிங் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினை இறக்கச் செய்தால், நல்ல எஞ்சினை நோயாளியாக்கியவர் ஆவோம். சேமலாப நிதிப் பணத்தில் பெரும் பகுதி அந்த ஒரு தவறிலே போய்விடலாம்.

சரி, நோயை எவ்வாறு அறிவது? விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. நான்கு கேள்விகள் போதும். நடுக்கம் உயரத்தோடு மாறுகின்றதா? ஈரத்தோடு மாறுகின்றதா? சூட்டோடு மாறுகின்றதா? அல்லது எதனோடும் மாறாமல் எப்போதும் ஒரே விதமாக இருக்கின்றதா? சாரதி ஒரு வாரம் கவனித்து இந்த நான்குக்கும் விடை குறித்துக்கொண்டால், கராஜுக்குப் போகுமுன்னரே பாதி நோய் தெரிந்துவிடும்.

முதலாவது கேள்வி உயரம். இதற்கு நமக்கு வாய்த்த சோதனைச்சாலை அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை செல்லும் ஏ ஏழு நெடுஞ்சாலை. ஏறக்குறைய 119 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை, தாழ்நிலத்தில் தொடங்கி, கித்துல்கலையைக் கடந்து, கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறி, வட்டவளை, ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக உச்சியை அடைகின்றது. அவிசாவளையில் எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐட்லிங்கைக் கவனியுங்கள். ஹற்றனில் நிறுத்தி மீண்டும் கவனியுங்கள். நுவரெலியாவில் மூன்றாம் முறை கவனியுங்கள். ஒவ்வோரிடத்திலும் சற்று இளைப்பாறவிட்ட பின் பார்ப்பது நன்று.

கீழே நன்றாக நின்று, மேலே ஏற ஏற நடுக்கம் கூடினால், கலவை மிகுதி என்று கொள்ளலாம். சைலன்சரில் கரும்புகையும் பெற்றோல் வாடையும் இதற்குச் சான்று. மருந்து, காபரேட்டரின் ஐட்லிங் கலவையைச் சற்றுக் குறைப்பதே. காற்று வடி அடைபட்டிருந்தாலும் இதே குறிகள் தோன்றும் ஆதலால், அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது முதல் வேலை. அதற்குச் செலவும் இல்லை.

இதற்கு மாறாக, மலையிலே நன்றாக நின்று, கீழே இறங்க இறங்க நடுக்கம் கூடினால் என்ன பொருள்? எங்கோ காற்றுக்கசிவு இருக்கின்றது என்பது பொருள். மனிபோல்ட்டின் கேஸ்கட்டிலோ, காபரேட்டரின் அடியிலோ, வெடித்துப்போன இறப்பர்க் குழாயிலோ, தேய்ந்துபோன துரொட்டில் அச்சிலோ கள்ளக் காற்று நுழைகின்றது. கள்ளக் காற்று கலவையை ஐதாக்குகின்றது. மலையின் உயரமோ கலவையை மிகுதியாக்குகின்றது. மேலே இருக்கும்போது ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. இரண்டு குறைகள் சேர்ந்து நலம் போலத் தோற்றமளிக்கின்றன. வண்டி கீழே இறங்கியதும் மலை தந்த மூடுதிரை விலகி, கசிவு வெளிப்பட்டுவிடுகின்றது. நுவரெலியாவில் பார்த்து வாங்கிய வண்டி கொழும்புக்குப் போனதும் கெட்டுவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். வண்டி வழியிலே கெடவில்லை. அது வாங்கும்போதே அவ்வாறுதான் இருந்தது.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் ஓடும் எஞ்சின் மீது பெற்றோலைத் தெளிப்பதுண்டு. நேயர்களே, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சூடான சைலன்சருக்கு அருகில் பெற்றோல் தெளிப்பது தீயை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். சவர்க்கார நீரை இணைப்புகளின் மேல் மட்டும், மின்சார வயர்களில் படாதவாறு, சிறிது சிறிதாகத் தடவினால் போதும். கசிவு இருக்குமிடத்தில் நீர் உள்ளே இழுபட்டு, ஒரு கணம் எஞ்சினின் ஓசை மாறும். குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை.

இரண்டாவது கேள்வி ஈரம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நம் மேற்குச் சரிவை நனைக்கின்றது. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மழை இல்லாத நாட்களிலும் மூடுபனி இறங்கி, பொனற்றின் உள்ளே வரை ஈரம் புகுந்துவிடுகின்றது. காலையில் நடுங்கி, வெயில் ஏறியதும் சரியாகி, மாலை மூடுபனியில் மீண்டும் நடுங்கும் வண்டிக்கு, நோய் பெரும்பாலும் தீப்பொறியில் இருக்கின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு, அதில் படிந்த ஈரம், பழகி உலர்ந்துபோன பிளக் வயர் ஆகியவற்றின் வழியே மின்சாரம் பிளக்கை அடையாமல் உடம்பில் கசிந்துவிடுகின்றது.

இதைக் காண ஒரு எளிய வழி இருக்கின்றது. இருள் கவிந்தபின் விளக்குகளை அணைத்து, பொனற்றைத் திறந்து, கையால் எதையும் தொடாமல் ஓடும் எஞ்சினைப் பாருங்கள். மின்சாரம் கசியும் இடங்களில் நீலநிறப் பொறிகள் மின்மினி போல் தெரியும். மூடியை நன்றாகத் துடைத்து உலர்த்தியதும் நடுக்கம் நின்றால், நோயின் இடம் தெரிந்துவிட்டது. பிறகு மூடியையோ வயரையோ மாற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகே மற்றதை மாற்ற வேண்டும். ஒரே வேளையில் ஐந்து பொருளை மாற்றினால், எது நோயைத் தீர்த்தது என்பது எவருக்கும் தெரியாது.

ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் இன்னொரு விந்தை நிகழ்வதுண்டு. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். பெற்றோல் ஆவியாகும்போது காபரேட்டரைக் குளிரச் செய்கின்றது. காற்றில் ஈரமும் மிகுந்திருந்தால், வெளியே உறைநிலை இல்லாதபோதும் காபரேட்டரின் உள்ளே மெல்லிய பனிக்கட்டி படியக்கூடும். வண்டி புறப்பட்டுச் சில நிமிடங்களில் ஐட்லிங் தாழ்ந்து நின்றுவிடும். சற்றுநேரம் சும்மா விட்டால், எஞ்சினின் சூட்டில் கட்டி உருகி, எதுவுமே நடவாதது போல வண்டி மீண்டும் புறப்படும். பழைய வண்டிகள் பலவற்றில் சைலன்சர் பக்கத்திலிருந்து வெப்பக் காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்று இருக்கும். அது தேவையற்றது என்று கழற்றி எறிந்தவர்கள், அதை மீண்டும் பொருத்துவது நல்லது.

மூன்றாவது கேள்வி சூடு. குளிரில் நன்றாக நின்று, சூடான பின் நடுங்கினால் முதலில் சோக்கைப் பாருங்கள். மலைநாட்டுக் குளிரில் காலையில் சோக்கை இழுக்காமல் முடியாது. ஆனால் கம்பி துருப்பிடித்திருந்தால், கைபிடியைத் தள்ளினாலும் உள்ளே வால்வு முழுமையாகத் திரும்பாது. நாள் முழுவதும் பாதிச் சோக்கில் ஓடும் வண்டி கரும்புகை விட்டு நடுங்குவதில் வியப்பில்லை. சிறிது ஒயில் விட்டால் தீரும் நோய் இது.

சோக் சரியாக இருந்தும் சூட்டில் நடுங்கினால், வால்வு இடைவெளியைக் கவனிக்க வேண்டும். சூட்டில் வால்வுத் தண்டு நீளும். இடைவெளி போதாதாயின் வால்வு முழுமையாக மூடாமல், எரியும் வாயு அதன் ஓரத்தை அரிக்கத் தொடங்கும். மொரிஸ் மைனரின் 948, 1098 கனசென்ரிமீற்றர் எஞ்சின்களில் இந்த இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. இவ்வண்டிகளை வைத்திருப்போர் ஒரு செய்தியை அறிந்திருப்பது நலம். இலங்கையில் 2002 ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் நீக்கப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. ஆயினும் அக்காலத்து எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயத்தின் மெல்லிய படிவு அதைத் தேயாமல் காத்து வந்தது. ஈயம் நீங்கியபின், கடுமையாக உழைக்கும் எஞ்சினில் அவ்விடம் மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே அமிழ்ந்து, இடைவெளி தானாகவே குறைந்துவிடும். ஆதலின் ஏற்றங்களில் உழைக்கும் பழைய வண்டிக்கு இடைவெளியை அடிக்கடி அளந்து பார்ப்பது அவசியம். சிலிண்டர் தலையைத் திருத்தும் காலம் வந்தால், கடினமான உருக்கு வளையங்களைப் பதிக்கச் செய்வது நிரந்தர மருந்து.

சூட்டில் தோன்றும் இன்னொரு நடுக்கமும் உண்டு. கினிகத்தேனை ஏற்றத்தையோ றம்பொடை ஏற்றத்தையோ ஏறி முடித்து, தேநீர் அருந்த நிறுத்திய வண்டி, மீண்டும் கிளம்பும்போது சில நிமிடம் தடுமாறும். உயரத்தில் திரவங்கள் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் தண்ணீர் கூட ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. பெற்றோல் அதைவிட விரைவில் ஆவியாகிக் காபரேட்டரை நிரப்பிவிடும். சில நிமிடத்தில் தானே தெளிந்துவிட்டால், இதற்காக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பெற்றோல் குழாய் சைலன்சரை ஒட்டிச் செல்கின்றதா என்று மட்டும் பாருங்கள்.

நான்காவது கேள்விக்கு வருவோம். உயரத்தோடும் மாறவில்லை, ஈரத்தோடும் மாறவில்லை, சூட்டோடும் மாறவில்லை. எப்போதும் ஒரே தாளத்தில் தவறுகின்றது. அப்படியானால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் நோய் இருக்கின்றது. எந்தச் சிலிண்டர் என்பதை அறிய, எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உடம்போடு தொடுமாறு கட்டிவிட்டு, மீண்டும் ஓடவிடுங்கள். நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எதைக் கழற்றியும் மாற்றம் தெரியவில்லையோ, அதுவே நோயாளி. ஓடும்போது வயரைக் கையால் இழுப்பது கடும் மின்னதிர்ச்சி தரும், அது வீரமன்று. மின்னணுத் தீமூட்டல் உள்ள புதிய வண்டிகளில் இச்சோதனையைச் செய்யாது, தெரிந்தவரிடம் விடுவதே முறை.

நோயுற்ற சிலிண்டரின் பிளக்கை அடுத்ததன் பிளக்கோடு மாற்றிப் பாருங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் பிளக் கெட்டது. மாறாவிட்டால் அமுக்கச் சோதனை செய்யுங்கள். இங்கே எண்ணின் பெருமையைவிட எண்களுக்கிடையேயுள்ள வேறுபாடே முக்கியம். நான்கும் 120 என்றால் நுவரெலியாவில் கவலை வேண்டாம். மூன்று 120 ஆக, ஒன்று மட்டும் 70 என்றால் கவலைப்பட வேண்டும். அச்சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளங்கள். எண் உயர்ந்தால் ரிங் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வு பழுது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால், இடையிலே கேஸ்கட் போயிருக்கக்கூடும். எஞ்சினைத் திறப்பது என்னும் முடிவுக்கு இந்தச் சோதனை முடிந்தபின்னரே வர வேண்டும்.

அமுக்கமானி இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. ஐட்லிங்கில் சைலன்சர் வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். ஒரே சீராகத் தாள் வெளியே தள்ளப்பட்டால் நலம். தாளம் தவறாமல் இடையிடையே விட்டுவிட்டுத் தள்ளினால் ஒரு சிலிண்டர் தவறுகின்றது. இடையிடையே தாள் உள்ளே இழுபட்டால், வால்வு எரிந்திருக்கலாம் என்று ஐயுறுக.

மொரிஸ் மைனர் வைத்திருப்போர்க்கு ஒரு தனி வார்த்தை. அதன் எஸ்.யு. காபரேட்டரில், உள்ளேயுள்ள பிஸ்டனை மெல்லத் தூக்கும் ஊசி ஒன்று இருக்கின்றது. ஐட்லிங்கில் அதை ஒரு மயிரிழையளவு தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை மிகுதி. வேகம் தாழ்ந்து நிற்கப் பார்த்தால் கலவை குறைவு. ஒரு கணம் சற்றே கூடிப் பழையபடி ஆனால் செம்மை. அடியிலுள்ள நட்டை மேலேற்றினால் கலவை குறையும், கீழிறக்கினால் கூடும். ஒரு வேளைக்கு ஒரு முகம் மட்டுமே திருப்ப வேண்டும். எத்தனை முகம் திருப்பினோம் என்று குறித்து வைத்தால், வண்டியைக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோகும்போது அதே அளவு திருப்பிவிடலாம்.

பெற்றோல் ஊசிமுனையால் தெளிக்கப்படும் பிற்கால வண்டிகளில், காற்றின் அமுக்கத்தை உணர்ந்து பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் கருவி இருக்கின்றது. ஆகவே அவை மலையில் நடுங்கினால் மலையைக் குறை கூற முடியாது. துரொட்டில் வாயில் படிந்த கரியும், ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வின் அழுக்குமே அங்கே முதலில் பார்க்க வேண்டியவை. டீசல் வேனுக்குப் பிளக் வயரும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. அங்கே எரிபொருட் குழாயில் புகுந்த காற்றையும், தேய்ந்த இஞ்செக்டரையும் தேடுவர். எல்லா வகை வண்டிக்கும் பொதுவான ஒன்று, எஞ்சினைத் தாங்கும் இறப்பர் இருக்கை. அது வெடித்திருந்தால், எஞ்சின் செம்மையாக ஓடியும் வண்டி நடுங்கும்.

இனி, வண்டி வாங்கப் போகின்றவர்களுக்கு. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பின் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் மறைக்காமல் பேசும். ஐட்லிங் திருகாணியைச் சற்றுத் திருப்பி வேகத்தை உயர்த்திவிட்டால், நடுக்கம் மறைந்துவிடும் என்பது பழைய தந்திரம். நின்ற வண்டி வழக்கத்துக்கு மேல் இரைந்தால், திருகாணியைத் தளர்த்திக் காட்டுமாறு பணிவாகக் கேளுங்கள். இயன்றால், வண்டியை ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஹற்றனிலிருந்து கித்துல்கலை வரை சென்று மீள்வது, வாங்குபவர் கொடுக்கும் மிக மலிவான பரீட்சைக் கட்டணம்.

நடுக்கத்தை அலட்சியம் செய்வதில் உயிராபத்தும் இருக்கின்றது. ஐட்லிங்கில் நின்றுவிடும் எஞ்சின், கொண்டைஊசி வளைவில் கால் எடுத்ததும் நின்றுவிடலாம். பல வண்டிகளில் பிரேக்குக்குத் துணை செய்வது எஞ்சினின் வெற்றிடமே. எஞ்சின் நின்று, இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்தபின், மிதி கல்லாகிவிடும். பிரேக் முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறக்கம் இறங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். நள்ளிரவில் பிரசவ வேதனையிலிருக்கும் தாயைத் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியாக அது இருந்தால், நடுவழியில் நிற்பதன் விலையை யாராலும் கணக்கிட முடியாது.

அதுபோலவே, குளிருக்கு அஞ்சி மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கலவை மிகுந்து நடுங்கும் எஞ்சின் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவை அதிகமாக வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிக்கின்றது என்று உணரும்போதே எழுந்து நடக்கும் வலு போயிருக்கலாம். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

நேயர்களே, ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை வண்டியில் வையுங்கள். எந்த இடத்தில், எந்த வேளையில், குளிரிலா சூட்டிலா, மூடுபனியிலா வெயிலிலா நடுங்கியது என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன திருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தப் புத்தகத்தோடு கராஜுக்குச் செல்லுகின்றவரை, நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு வரவேற்பார். மற்றவர் எளிதில் ஏமாற்றத் துணியார். உயரம், ஈரம், சூடு ஆகிய மூன்றையும் கேட்டறிந்து, காசில்லாத சோதனையை முதலிலும் காசுள்ள சோதனையைப் பின்னரும் செய்து, எஞ்சினைத் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அரிதில் சேர்த்த பணம் வீண்போகாது.